மூன்று சேர்க்கைக் கடிதங்களும் ஒரு கையெழுத்தும்

என் அக்காள் மகளுக்குச் சட்டப் படிப்பைத் தொடர இந்த ஆண்டு மூன்று இடங்களிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்திருக்கிறது. தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சட்டமும் நிர்வாகமும் பயின்று பட்டயம் பெற்ற அவள், இரண்டு ஆண்டுகளாக ஒரு சிறிய சட்ட நிறுவனத்தில் வழக்கறிஞர் உதவியாளராக வேலை பார்க்கிறாள். முதல் கடிதம் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு முழுநேரப் பட்டப்படிப்புக்கானது. இரண்டாவது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மூன்றாண்டுப் படிப்புக்கானது. மூன்றாவது, வேலையை விடாமலே மாலை வேளைகளில் படிக்கக்கூடிய, சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் பகுதிநேரப் படிப்புக்கானது. சொத்துப் பரிமாற்றப் பிரிவில் எழுத்தராக இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவன் என்பதால் குடும்பத்தார் என்னிடம் கருத்துக் கேட்டார்கள். நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் பயிற்சி வழக்கறிஞர்கள் எத்தனையோ பேர் புதுக் கோட்டுடன் வந்து சேர்ந்ததையும், அவர்களில் சிலர் நிலைத்ததையும் பலர் போனதையும் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தவன்.

கடிதங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்தபோது அக்காவின் கணவரின் கை இங்கிலாந்துக் கடிதத்துக்குத்தான் முதலில் போயிற்று. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. சீமைக்குப் போய்ச் சட்டம் படித்துத் திரும்பியவர் என்றால் ஊரே எழுந்து நின்ற காலத்தின் நினைவு நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த மதிப்புக்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருந்தது. 1957ஆம் ஆண்டில் அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை முதல் மாணவர்களைச் சேர்க்கும்வரை, சட்டம் படிக்க விரும்பிய சிங்கப்பூரருக்குக் கப்பல் ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லை. லீ குவான் இயூவின் தலைமுறைக்கு இங்கிலாந்து ஒரு விருப்பத் தேர்வாக இல்லை, அது ஒன்றே பாதையாக இருந்தது. 1961இல் பட்டம் பெற்ற முதல் அணியிலேயே, பிறகு தூதரான டாமி கோவும், பின்னாளில் தலைமை நீதிபதியான சான் செக் கியோங்கும் இருந்தார்கள். 1974 முதல் 1980 வரை அந்தத் துறையின் தலைவராக இருந்த எஸ். ஜெயக்குமார் பிறகு சட்ட அமைச்சராகவும் துணைப் பிரதமராகவும் ஆனார். ஆகவே உள்ளூர்ப் பட்டம் இரண்டாந்தரம் என்னும் எண்ணத்துக்கு இந்நாட்டில் அறுபது ஆண்டுகளாகவே ஆதாரம் கிடையாது. இதை என் அத்தானிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை, கடிதத்தைக் கீழே வைக்கவும் இல்லை.

நான் அவர்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே: கணக்கைக் கடிதம் வந்த நாளிலிருந்து முன்னோக்கி எண்ண வேண்டாம், இங்கே வழக்கறிஞராக ஏற்றுக்கொள்ளப்படும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடிதங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் மூன்றாண்டு, நான்காண்டு, ஐந்தாறு ஆண்டு என்ற வரிசையில் இங்கிலாந்துதான் குறுகியதாகத் தெரியும். அந்த நாளிலிருந்து திரும்பிப் பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது.

இவள் 2026ஆம் ஆண்டில் படிப்பைத் தொடங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூரில் முழுநேரமாகப் படித்தால் 2030இன் நடுவில் பட்டம். உள்ளூர்ப் பட்டதாரி நேரே வழக்கறிஞர் தகுதித் தேர்வின் ‘பி’ பகுதிக்குப் போகலாம். அதற்கான வகுப்புகள் வழக்கமாக ஆண்டின் நடுவில் தொடங்கி, தேர்வு ஆண்டிறுதியில் நடக்கும். இங்கிலாந்தில் படித்தவளுக்கு 2029இன் நடுவிலேயே பட்டம் கிடைத்துவிடும், ஆனால் அவள் முதலில் ‘ஏ’ பகுதியை எழுதித் தேற வேண்டும். பட்டம் பெற்ற ஆண்டின் பிற்பகுதி அதற்கே சரியாகிவிடும். அடுத்த ‘பி’ பகுதி வகுப்புக்கு அவள் வந்து உட்காரும்போது 2030இன் நடுப்பகுதி ஆகியிருக்கும், பக்கத்து நாற்காலியில் நான்காண்டு உள்ளூரில் படித்த தோழி இருப்பாள். மூன்றாண்டுப் படிப்பு மிச்சப்படுத்திக் கொடுத்ததாகத் தோன்றிய அந்த ஓர் ஆண்டு இப்படித்தான் கரைகிறது. வீணாகிறது என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்த இடைவெளியில் சட்ட நிறுவனங்களில் வேலை பழகலாம். குறுக்குவழி என்று நினைத்துப் பணம் கட்டுவதுதான் தவறு.

‘ஏ’ பகுதி எதற்கு என்று அக்கா கேட்டாள். இங்கிலாந்தின் ஒப்பந்தச் சட்டமும், பிறருக்கு இழைத்த தீங்குக்கு ஈடு கேட்க உதவும் தீங்கியல் சட்டமும் நம்முடையவற்றோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. குற்றவியல், சான்று, நிலம் ஆகிய துறைகளில் நாம் வேறு பாதையில் வந்தவர்கள். நம் தண்டனைச் சட்டத் தொகுப்பு 1871ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்காக இயற்றப்பட்டது, மெக்காலே வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டமே அதற்கு மூலம். 1893இல் வந்த சான்றுச் சட்டமும் இந்தியச் சட்டத்தின் வழியில் வந்ததே. நிலப் பதிவில் நாம் பின்பற்றும் டோரன்ஸ் முறை தெற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து இந்தியா தன் பழைய தண்டனைச் சட்டத்தையும் சான்றுச் சட்டத்தையும் கைவிட்டுப் புதியவற்றுக்கு மாறிவிட்டது. அந்தக் குடும்பத்துச் சட்டம் இன்று நம் ஊரில் திருத்தங்களோடு வாழ்ந்துகொண்டிருக்கிறது. இவற்றையெல்லாம் இங்கிலாந்தில் யாரும் கற்பிக்கப் போவதில்லை என்பதால்தான் திரும்பி வருபவர்களுக்கு அந்தக் கூடுதல் தேர்வு.

தேர்வுகளுக்குப் பிறகு பயிற்சிக் காலம். முன்பு ஆறு மாதமாக இருந்த இது, 2023இல் நிறைவேறிய சட்டத் திருத்தத்தின்படி, 2024ஆம் ஆண்டுத் தேர்வு அணியிலிருந்து ஓர் ஆண்டாகிவிட்டது. ‘பி’ பகுதியில் தேறியவர் பயிற்சியை முடிக்காமலே வழக்கறிஞராக ஏற்கப்படவும் இப்போது வழி உண்டு. ஆனால் அப்படி ஏற்கப்பட்டவர் தொழில் நடத்த முடியாது. நிறுவனங்களின் உள்சட்டப் பிரிவில் வேலைக்குப் போக நினைப்பவருக்கு இது பயன்படும், நீதிமன்றத்தில் நிற்க நினைப்பவருக்குப் பயன்படாது. எந்தக் கடிதத்தை ஏற்றாலும் இந்த ஓராண்டைச் சேர்த்தே எண்ண வேண்டும். அதற்குரிய பயிற்சி ஒப்பந்தம் கிடைப்பது பட்டம் கிடைப்பதைப்போல் உறுதியான ஒன்றல்ல. 2014ஆம் ஆண்டில் அன்றைய சட்ட அமைச்சர் கா. சண்முகம், பயிற்சி இடங்களைவிடப் பட்டதாரிகள் அதிகமாகிவருவதாக வெளிப்படையாக எச்சரித்தார். அடுத்த ஆண்டே, அங்கீகரிக்கப்பட்ட இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களின் பட்டியல் 19இலிருந்து 11ஆகக் குறைக்கப்பட்டது. மான்செஸ்டர், லீட்ஸ், ஷெஃபீல்ட், லிவர்பூல், சவுத்ஹாம்ப்டன் முதலியவை வெளியேறின. 2016ஆம் கல்வியாண்டிலிருந்து அங்கே சேர்ந்தவர்களின் பட்டம் இங்கே தொழிலுக்கு உதவாது. நாட்டிங்ஹாம் பட்டியலில் தங்கிய பதினொன்றில் ஒன்று. ஆகவே அந்தக் கடிதம் செல்லாத கடிதம் அன்று. ஒன்றுவிட்ட அண்ணன் மான்செஸ்டரில் படித்துவிட்டு வந்து நன்றாகத்தானே இருக்கிறார் என்று நினைத்து விண்ணப்பிக்கும் குடும்பங்களுக்குத்தான் இந்தத் தேதி முக்கியம்.

இந்த இடத்தில் உறவினர்கள் வழக்கமாகத் தரும் இரண்டு யோசனைகளையும் முடித்துவிடலாம். சென்னையிலோ பெங்களூரிலோ ஐந்தாண்டுச் சட்டம் படித்தால் செலவு பாதியாகுமே என்பது ஒன்று. இந்தியப் பல்கலைக்கழகங்கள் எதுவும் அங்கீகாரப் பட்டியலில் இல்லை, ஆகையால் சிங்கப்பூரில் தொழில் நடத்த நினைப்பவருக்கு அந்தப் பாதை அடைபட்டது. பட்டியலில் இல்லாத இடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றுவிட்டு, பிறகு பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் ஓராண்டு முதுநிலைச் சட்டம் படித்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. அதுவும் நடக்காது, தகுதியை முடிவு செய்வது முதல் சட்டப் பட்டமே. முதுநிலைப் பட்டம் எவ்வளவு சிறந்ததானாலும் அந்த ஓட்டையை அடைக்காது. வீட்டிலிருந்தே இலண்டன் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைச் சட்டப் பட்டம் பெறலாம் என்று சொல்பவர்களுக்கும் இதே பதில்தான்.

இனி பணம். உள்ளூர் முழுநேரப் படிப்புக்கு, கல்வி அமைச்சின் கட்டண மானியம் போக, குடிமக்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 13,000 வெள்ளி கட்ட வேண்டியிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். நான்காண்டுக்கு 52,000 வெள்ளி. வீட்டிலிருந்து பேருந்திலும் ரயிலிலும் போய்வருபவள் என்பதால் தங்குசெலவு தனியாக இல்லை. பட்டியலில் உள்ள இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவருக்கான சட்டப் படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. வாழ்க்கைச் செலவுக்கு, மாணவர் விசாவுக்காகப் பிரிட்டிஷ் அரசாங்கம் வைத்துள்ள அளவுகோலையே நான் எடுத்துக்கொண்டேன். 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த அந்த அளவு அப்போது இலண்டனுக்குள் மாதம் 1,483 பவுண்டாகவும், வெளியே 1,136 பவுண்டாகவும் இருந்தது. இது குறைந்தபட்சத் தேவைதான், வசதியான வாழ்க்கைக்கான கணக்கன்று. இதனுடன் விசாவுக்காகக் கட்டும் சுகாதாரக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. விமானப் பயணம், குளிருடை, பருவ விடுமுறைக்கு ஊர் திரும்புதல் எல்லாவற்றையும் அடக்கி, ஆண்டுக்கு 37,000 பவுண்டு என்று சிக்கனமாகவே போட்டாலும் மூன்றாண்டுக்கு 111,000 பவுண்டு ஆகிறது. ஒரு பவுண்டு 1.70 வெள்ளி என்று வைத்தால் 188,000 வெள்ளிக்கு மேல். இரண்டு தொகைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 136,000 வெள்ளிக்கு மேல். பல நடுத்தரக் குடும்பங்களில் தந்தையின் இரண்டாண்டுச் சம்பளத்தை அது விழுங்கிவிடும்.

தொகை மட்டுமல்ல, அது எங்கிருந்து வருகிறது என்பதும் பார்க்கத்தக்கது. உள்ளூரில் மானியம் பெறும் முழுநேரப் படிப்புக்குப் பெற்றோர் தங்கள் மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து, திரண்ட சேமிப்பில் 40 விழுக்காடு வரை, கல்விக் கடனாகக் கட்டணம் செலுத்தலாம். படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பின் பிள்ளை அதை வட்டியோடு ரொக்கமாகத் திருப்பிச் செலுத்த வேண்டும், அதற்கு 12 ஆண்டு வரை தவணை உண்டு. கல்வி அமைச்சின் கட்டணக் கடன், கட்டணத்தில் 90 விழுக்காடு வரை தருகிறது, படிக்கும் காலத்தில் அதற்கு வட்டி இல்லை. வருமானம் குறைந்த இந்தியக் குடும்பங்களுக்கு, சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் உதவி நிதியும் இருக்கிறது. மாதச் சம்பளத்திலிருந்து சிண்டாவுக்குப் போகும் சில வெள்ளியைப் பற்றி முணுமுணுப்பவர்கள் இந்தச் சமயத்திலாவது விண்ணப்பப் படிவத்தைத் திறந்து பார்க்க வேண்டும். இங்கிலாந்துப் படிப்புக்குச் சேமநிதிக் கடனும் இல்லை, அமைச்சின் கடனும் இல்லை. வங்கிக் கடன் வாங்க வேண்டும், அல்லது வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்கு மாற வேண்டும். என் அத்தான் நான்கறை வீட்டை விற்பது பற்றி மெல்லப் பேசத் தொடங்கியபோதுதான் நான் முதல்முறையாகக் குரலை உயர்த்தினேன். ஐம்பது வயதுக்குமேல் அகலக் கால் வைப்பவர் விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டும், அந்த ஆள் அப்போதுதான் பயிற்சிச் சம்பளம் வாங்கத் தொடங்கியிருக்கும் மகளாகத்தான் இருப்பாள்.

இங்கிலாந்துக் கடிதத்துக்கு நியாயம் செய்யும் வகையில் அதன் பக்கமும் சொல்ல வேண்டும். பொதுச் சட்டத்தின் தீர்ப்புகள் பிறந்த நாட்டிலேயே அவற்றைப் படிப்பது, தனியே வாழப் பழகுவது, பல நாட்டு மாணவர்களோடு வாதிடுவது ஆகியவை பணத்தால் அளக்க முடியாதவை. அங்கேயே தொழில் நடத்தும் எண்ணம் இருந்தால் கணக்கே வேறு. ஆனால் ‘அங்கே படித்தால்தான் அங்கே சொலிசிட்டர் ஆகலாம்’ என்ற நம்பிக்கை இப்போது பொருந்தாது. 2021இல் இங்கிலாந்து கொண்டுவந்த சொலிசிட்டர் தகுதித் தேர்வு, எந்தப் பட்டம் பெற்றவருக்கும் திறந்திருக்கிறது. முதல் பகுதியில் 180 வினாக்கள் கொண்ட இரண்டு பலவுள் தெரிவுத் தாள்கள், இரண்டாம் பகுதியில் செய்முறைத் திறன்கள், இவற்றோடு இரண்டாண்டுத் தகுதியான பணி அனுபவம் என்பவையே தேவை. தேர்வுக் கட்டணம் ஏறத்தாழ 5,000 பவுண்டு. ஆகவே சிங்கப்பூரில் பட்டம் பெற்றுப் பிறகு அந்தத் தேர்வை எழுதி இலண்டனுக்குப் போகும் வழியும் இருக்கிறது. இன்றைய தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனனும் இங்கே தேசியப் பல்கலைக்கழகத்தில் முதல் பட்டம் பெற்று, பிறகுதான் ஹார்வர்டில் முதுநிலை படித்தார். வெளிநாட்டை முதலிலேயே செலவழித்துவிடாமல் பின்னாலும் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மூன்றாவது கடிதத்தில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. வீட்டில் மற்றவர்கள் அதை ‘கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் வகையில் ஓரமாக வைத்திருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் சட்டப்பள்ளி தற்செயலாக வந்ததன்று. நீதிபதி வி.கே. ராஜா தலைமையிலான குழு 2013ஆம் ஆண்டில், பெரிய நிறுவனங்களின் வர்த்தகச் சட்டத்துக்கு ஆள் வருகிறார்கள், குற்றவியல் வழக்குகளுக்கும் குடும்ப வழக்குகளுக்கும் ஆள் போதவில்லை என்று கண்டு, அதற்கென மூன்றாவது சட்டப்பள்ளி வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2017ஆம் ஆண்டில் அது தொடங்கியது. முன்பே வேலையில் இருந்தவர்களை, அதாவது காவல் அதிகாரிகளையும் சமூக ஊழியர்களையும் வழக்கறிஞர் உதவியாளர்களையும், அது மனமுவந்து சேர்த்துக்கொள்கிறது. இவளுடைய இரண்டாண்டு அனுபவம் மற்ற இரு கடிதங்களில் ஒரு வரி மட்டுமே. இந்தக் கடிதத்தில் அதுவே காரணம். அதன் பட்டமும் உள்ளூர்ப் பட்டமே, ‘ஏ’ பகுதி தேவையில்லை.

அவளுடைய வேலையை நேரில் பார்த்தவன் என்ற முறையில் இந்தப் பொருத்தம் எனக்கு நன்றாகவே தெரிந்தது. அவள் நிறுவனத்துக்கு வரும் கட்சிக்காரர்களில் பலர் தமிழர்கள். கட்டுமானத் தளத்தில் அடிபட்டு வேலைக்காய இழப்பீடு கேட்டு வரும் ஊழியர், சிங்கப்பூரின் குடும்பச் சட்டமான மாதர் சாசனத்தின்கீழ் ஜீவனாம்சம் கேட்டு வரும் பெண், தகப்பனார் உயில் எழுதாமல் இறந்ததால் மூன்று சகோதரர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் குடும்பம் என்று தினமும் வருகிறார்கள். ஆங்கிலத்தில் கேட்டால் ‘ஆமாம், ஆமாம்’ என்று தலையாட்டிவிட்டு, தமிழில் கேட்டால்தான் உண்மையான கதையைச் சொல்பவர்கள் இவர்கள். 1961இல் வந்த மாதர் சாசனத்தில், 2024 ஜூலையிலிருந்து இருவரும் ஒப்புக்கொண்டு மணமுறிவு பெறும் வழி சேர்க்கப்பட்டுள்ளது. அதைப் பாதிப் புரிந்துகொண்டு ‘கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடுமாமே’ என்று கேட்டு வருபவர்களுக்கு, எது முடியும் எது முடியாது என்று பொறுமையாக விளக்கும் வழக்கறிஞர் தேவை. 2022 டிசம்பரில் அரசுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் தொடங்கப்பட்ட பிறகு, குற்றவியல் தற்காப்பை முழுநேர வேலையாகச் செய்ய இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. இந்தத் துறைகளைத்தான் அவள் விரும்புகிறாள் என்றால், அவற்றுக்காகவே கட்டப்பட்ட பள்ளியை ஓரமாக வைப்பது சரியல்ல.

ஆயினும் பகுதிநேரம் என்பதன் விலையை மறைக்கக்கூடாது. காலை ஒன்பது மணி முதல் ஆறு மணி வரை அலுவலகம், பிறகு கிளமெண்டி ரோட்டில் வகுப்பு, வார இறுதியில் வழக்குத் தீர்ப்புகள் என்று ஐந்தாறு ஆண்டுகளை ஓட்ட வேண்டும். தேர்வு நேரத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒரு பெரிய சொத்துப் பரிமாற்றம் விழுந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்: முதலாளி முகம் சுளிக்க மாட்டார், ஆனால் கோப்பு மேசையில்தான் இருக்கும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பதை ஓராண்டு தாங்கலாம், ஐந்தாண்டு தாங்குவது தனித் திறமை. முப்பது வயதில் பிள்ளைகுட்டியோடு இருப்பவருக்குச் சம்பளத்தை விட முடியாது என்பதால் அந்த விலை நியாயமானது. இருபத்திரண்டு வயதில், வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஒருத்திக்கு அதே விலை அதிகம் என்றே எனக்குப் பட்டது. மேலும், சேமநிதிக் கல்விக் கடன் முழுநேரப் படிப்புக்கே உரியது, எனவே பகுதிநேரப் படிப்பின் கட்டணத்தைச் சம்பளத்திலிருந்துதான் கட்ட வேண்டும். வருமானம் நிற்காது என்பது உண்மை, ஆனால் அதில் ஒரு பகுதி அப்படியே பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும்.

நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் சட்டப்பள்ளி 2007இல் தொடங்கப்பட்டது, 2021 முதல் முன்னாள் தலைமை நீதிபதி யோங் பங் ஹாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வர்த்தகச் சட்டத்தில் அதற்குச் சாய்வு உண்டு என்பதால் இவளுக்குப் பொருந்துமா என்று முதலில் எனக்கும் ஐயம் இருந்தது. பாடத்திட்டத்தைப் படித்த பிறகு அந்த ஐயம் குறைந்தது. குறைந்தது பத்து வாரம் வேலைப் பயிற்சி கட்டாயம், 80 மணி நேரம் சமூகச் சேவையும் கட்டாயம். வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கே மதிப்பெண் உண்டு. இந்தக் கடைசி விஷயம் அவளுக்குச் சங்கடம் தரும் என்று அக்கா அஞ்சினாள். நான் நேர்மாறாக நினைக்கிறேன். தொழிற்கல்லூரியிலிருந்து வருபவர்கள், தொடக்கக் கல்லூரியிலிருந்து வந்த மாணவர்கள் நடுவே முதல் பருவத்தில் ஒதுங்கி உட்காருவதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் இரண்டாண்டு கட்சிக்காரர்களிடம் பேசிப் பழகியவள், புத்தகத்தில் மட்டும் சட்டத்தைப் பார்த்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளைவிடச் சொல்வதற்கு அதிகம் வைத்திருப்பாள். கட்டடம் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் இருப்பதால் உச்ச நீதிமன்றத்துக்கு நடந்தே போய்விடலாம் என்பது சின்ன வசதிதான், ஆனால் விசாரணைகளைப் போய்ப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு அது சின்னதன்று. பள்ளி விடுமுறை ஒவ்வொன்றிலும் இங்கேயே இருப்பதால் சட்ட நிறுவனங்களில் பயிற்சிக்குப் போய் முகம் பழகவும் முடியும். இங்கிலாந்து மாணவர்களுக்கு அந்த வாய்ப்பு கோடை விடுமுறையில் மட்டுமே கைகூடும், அப்போதும் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி வந்து அதே இடங்களுக்கு வரிசையில் நிற்பார்கள்.

ஆண்பிள்ளை உள்ள வீடுகளுக்கு ஒரு சொல்: உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் தேசிய சேவை முடியும்வரை இடத்தை வைத்திருக்கும். வெளிநாட்டுக் கடிதத்தில் அது தானாக நடக்காது, முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சொன்ன பிறகு, என் தீர்ப்பை அவளிடம் மறைக்கவில்லை. நான்கு ஆண்டு முழுநேரம் உள்ளூரில் படிப்பதையே நான் ஏற்பேன். கையில் இருக்கும் பணத்துக்குள் அடங்குவது, ‘பி’ பகுதிக்கு நேரே போவது, வெளிநாட்டையும் குற்றவியல் துறையையும் பின்னால் தேர்ந்துகொள்ள இடம் விடுவது ஆகிய மூன்றும் அதில்தான் ஒன்றாக வருகின்றன. குடும்பத்தில் யாரேனும் திடீரென வேலை இழந்து அவள் சம்பளம் தேவைப்படும் நிலை வந்தால், தயங்காமல் மூன்றாவது கடிதத்துக்குப் போகச் சொல்வேன். அத்தானிடம் ஏற்கெனவே ஒதுக்கி வைத்த 200,000 வெள்ளி இருந்திருந்தால் இரண்டாவது கடிதத்தைப் பற்றி இவ்வளவு கடுமையாகப் பேசியிருக்க மாட்டேன். எது உயர்ந்த பல்கலைக்கழகம் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். எங்கள் அலுவலகத்தில் பயிற்சி வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தக் கேள்வி முதல் ஐந்து நிமிடத்துக்குமேல் நின்றதில்லை என்று மட்டும் சொன்னேன்.

கையெழுத்திடுவதற்கு முன் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஹேவ்லாக் சதுக்கத்தில் உள்ள அரசு நீதிமன்றங்களுக்குப் போய்ப் பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டு வா என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். குற்றவியல் விசாரணைகள் பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்தவை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவள் போனாள், மாலையில் என்னிடம் நேரே வந்தாள். ஒரு தமிழ் ஊழியரின் வழக்கு வந்ததாம். மொழிபெயர்ப்பாளர் சொன்னதையும் அந்த மனிதர் உண்மையில் சொன்னதையும் இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டு, இடையில் ஒரு சொல் நழுவியதைத் தான் கவனித்ததாகச் சொன்னாள். மொழிபெயர்ப்பாளரும் உடனே கவனித்துத் திருத்திக்கொண்டாராம். ‘அந்த இடத்தில் வழக்கறிஞர் எழுந்து என்ன கேட்டிருப்பார் மாமா?’ என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை, எழுத்தர்களுக்கு அது தெரிய வேண்டியதும் இல்லை.

வெள்ளிக்கிழமை இரவு அவள் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் இடத்தை இணையத்தில் ஏற்றுக்கொண்டாள். நாட்டிங்ஹாமுக்கு நன்றி சொல்லி மறுப்புக் கடிதம் எழுதினாள், அதை நான் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். நிறுவனத்துக்கு ஒரு மாத அறிவிப்புக் கொடுத்திருக்கிறாள், விடுமுறைகளில் பகுதிநேரமாக வந்து உதவ முதலாளி சம்மதித்திருக்கிறார். ஒரு பருவம் பரிமாற்ற மாணவியாக இங்கிலாந்துக்குப் போக வழி இருக்கிறதா என்று அத்தான் கேட்டார். அதை மூன்றாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் அப்பா என்று சொல்லிவிட்டாள்.